சமையற்கட்டில் தம்மம் கண்ட டோகென் அடிகள்

ஜப்பான் தேசத்துப் பௌத்தப் பெரியோர்களுள் டோகென் அடிகளின் பெயர் தலைசிறந்தது. சோட்டோ ஸென் எனப்படும் தியான மரபை அந்நாட்டில் நிலைநாட்டியவர் அவர். காலம், இருப்பு முதலிய அரிய பொருள்களை ஆராய்ந்து அவர் எழுதிய ஷோபோகென்ஸோ என்னும் பெருநூலை மேனாட்டுத் தத்துவப் பேராசிரியர்களும் இன்று விரித்துரைக்கின்றனர். ஆயினும் அப்பெருநூலைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகவில்லை. அதே அடிகள் 1237-ஆம் ஆண்டில் மடத்துச் சமையலாளருக்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். டென்ஸோ கியோகுன் என்பது அதன் பெயர். சமையற்பொறுப்பாளருக்கு அறிவுரை என்று பொருள்படும். அரிசியை எப்படிக் களைவது, கரண்டியை எங்கே வைப்பது என்பன போன்ற செய்திகளே அதில் மிகுதி. இச்சிறு நூல் பிறந்த கதையைத் தொடர்ந்து சென்றால் அடிகளின் வாழ்க்கை முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது.

இதனை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் சாதி என்னும் பேய் வீதியை விட்டு ஓடினாலும் சமையற்கட்டை விட்டு எளிதில் ஓடுவதில்லை. யார் சமைத்ததை யார் உண்பது, யார் கண் பட்டால் உணவு தீட்டாகும், எந்தக் குடத்தை எவர் தொடலாம் என்னும் கணக்குகளால் உண்டான புண் நம் பாட்டன் பாட்டியர் உள்ளத்தில் இருந்தது. நேயர்களிற் சிலருடைய உள்ளத்தில் இன்றும் ஆறாமல் இருக்கலாம். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தீக்ஷை பெற்றபோது பல்லாயிரவர் உதறி எழுந்த சுமைகளுள் இதுவும் ஒன்று. ஆதலின் சமையற்கட்டைத் தம்மத்தின் இருப்பிடமாகக் கண்ட ஒருவரின் வரலாறு நமக்கு வேற்றார் வரலாறு அன்று.

டோகென் 1200-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் உயர்குடியொன்றில் பிறந்தார். தந்தையார் மினமோதோ மிச்சிசிகா என்பது பழைய வழக்கு. அவர் மகனாகிய மிச்சிதோமோவே தந்தை என்று கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். அன்னையார் புஜிவாரா குலத்து நங்கை எனப்படுகிறார். எட்டாம் அகவையில் டோகென் அன்னையை இழந்தார். இறுதிச் சடங்கின்போது ஊதுவத்திப் புகை சுருண்டெழுந்து வெளியிற் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, தோன்றியன யாவும் மறையும் என்னும் அநித்திய உணர்வு உதித்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அரசவையில் பெரும் பதவி காத்திருந்தும் அதனை வேண்டாது, 1213-ஆம் ஆண்டில் ஹியேய் மலையில் தெண்டாய் மரபிலே துறவு பூண்டார்.

ஹியேய் மலை அக்காலத்தில் கல்விக்கடல். அக்கடலிலே இளந்துறவிக்கு ஓர் ஐயம் எழுந்தது. எல்லா உயிர்களும் பிறப்பிலேயே புத்த இயல்பு உடையன என்று நூல்கள் சொல்லுகின்றன. அவ்வாறாயின் முக்காலத்துப் புத்தர்களும் ஏன் அரிதின் முயன்று பயிற்சி செய்தார்கள் என்பதே அந்த ஐயம். மலையில் விடை கிடைக்கவில்லை. இதனை நம் வீட்டு வழக்கில் சொல்வதானால், மூட்டையிலுள்ள அரிசியில் சோறு முன்னமே இருக்கிறது. பின் உலையேற்றுவது எதற்கு என்று கேட்பதைப் போன்றது. அடிகள் இவ்வுவமையைச் சொன்னாரில்லை, இது நம்முடையது. ஆனால் அவருக்கு விடை கிடைத்த இடம் சமையற்கட்டுக்கு மிக அருகிலேயே இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மலையினின்று இறங்கியவர் 1217-ஆம் ஆண்டில் கியோட்டோவிலுள்ள கென்னின்ஜி மடத்தை அடைந்தார். சீனத்திலிருந்து தியான மரபையும் தேயிலை அருந்தும் வழக்கத்தையும் கொணர்ந்து பரப்பிய எய்சாய் அடிகள் நிறுவிய மடம் அது. எய்சாயின் மாணவராகிய மியோஸென் என்பாரை ஆசானாகக் கொண்டு சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் ஆசானும் மாணவரும் மெய்ந்நெறியை மூலத்திலேயே தேடுவோம் என்று துணிந்து 1223-ஆம் ஆண்டில் சீனத்துக்குக் கப்பலேறினர். இங்கு ஒன்று குறிப்போம். ஸென் என்னும் சொல் நம் தியானம் என்பதன் திரிபே; பாலியில் ஜானம், சீனத்தில் சான், ஜப்பானில் ஸென். அம்மரபினர் சீனத்தில் தங்கள் முதற் குரவராகப் போற்றும் போதிதருமர் தென்னிந்தியர் என்பதும், காஞ்சியைச் சேர்ந்தவர் என்பதும் வழிவழி வரும் செய்தி.

கப்பல் நிங்போ துறையில் நின்றது. மியோஸென் கரையேறினார். டோகென் மட்டும் சில திங்கள் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. அவர் பெற்றிருந்த உபசம்பதை சீன மடங்களின் விதிக்கு ஒத்ததன்று என்பது காரணம் எனக் கருதப்படுகிறது. ஐந்தாம் திங்கள் நான்காம் நாள் அறுபத்தொரு வயதுடைய சீனத் துறவி ஒருவர் அக்கப்பலுக்கு வந்தார். ஜப்பானியக் காளான் வாங்குவதே அவர் நோக்கம். (அச்சொல்லுக்கு முசுக்கட்டைப் பழம் என்று பொருள்கொள்வாரும் உளர்.) அவர் அசோக மன்னர் மலை மடத்தின் டென்ஸோ, அதாவது சமையற்பொறுப்பாளர். நேயர்கள் அம்மலையின் பெயரைக் கவனிக்க வேண்டும். நம் தம்ம அசோகர் எடுப்பித்தனவாகச் சொல்லப்படும் எண்பத்துநாலாயிரம் தூபிகளுள் ஒன்று அங்கிருப்பதாக நம்பிச் சீனர் அப்பெயரிட்டனர்.

டோகென் அம்முதியவரைத் தேநீர் கொடுத்து உபசரித்தார். அவர் பிறந்தது மேற்கே சு நாடு. ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டுதான் சமையற்பொறுப்பு அவருக்கு வந்தது. மறுநாள் ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாள் திருநாள். துறவியருக்கு மாவிழைக் குழம்பு செய்ய எண்ணியும் சேர்க்கக் காளான் இல்லை. அதற்காகச் சீன அளவில் முப்பத்துநாலைந்து லி, ஏறக்குறையப் பன்னிரண்டு மைல், நடந்து வந்திருக்கிறார்; வாங்கியதும் திரும்பி நடப்பார். இரவு தங்கிச் செல்லுமாறு டோகென் வேண்டினார். தாம் இல்லாவிடில் மறுநாள் உணவு முறையாக நடவாது என்று முதியவர் மறுத்தார். அத்துணைப் பெரிய மடத்தில் வேறு சமையலாளர் இலரா என்று இளைஞர் வியந்தார். முதுமையில் வாய்த்த இப்பணியே தம் பயிற்சி, அதனைப் பிறரிடம் எவ்வாறு விடுவது என்பது முதியவரின் மறுமொழி.

டோகென் விடவில்லை. இத்தள்ளாத வயதில் தியானத்தில் அமர்வதும் பழைய ஆசான்மார் உரைகளை ஆராய்வதும் அன்றோ சிறப்பு, அடுப்படி வேலையால் என்ன பயன் என்று கேட்டுவிட்டார். உயர்குடியிற் பிறந்து, கல்வி மலையில் வளர்ந்து, இருபத்துநான்காம் அகவையில் நின்ற ஒருவர் கேட்கக்கூடிய கேள்விதான். முதியவர் உரக்க நகைத்தார். அயல்நாட்டு நல்லிளைஞர் பயிற்சி என்பது இன்னதென்றும் எழுத்து என்பது இன்னதென்றும் இன்னும் அறிந்திலர் என்றார். டோகெனுக்கு நாணமும் வியப்பும் ஒருங்கே வந்தன. பொழுது சாய்வதைக் கண்டு முதியவர் விரைந்து நடந்துவிட்டார்.

அவ்வாண்டே ஏழாம் திங்களில், டோகென் தியன்தோங் மலை மடத்தில் தங்கியிருந்தபோது, அம்முதியவர் பொறுப்பினின்று ஓய்வுபெற்று ஊர் திரும்பும் வழியில் அவரைத் தேடி வந்தார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தனர். எழுத்து என்பது ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்துதான், பயிற்சியில் இவ்வுலகெங்கும் மறைக்கப்பட்டது எதுவும் இல்லை என்ற பொருளில் அவர் விடை அமைந்தது. தாம் எழுத்தையும் பயிற்சியையும் சிறிதேனும் அறிந்தது அந்தச் சமையலாளரின் அருளால் என்று டோகென் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதி வைத்தார். பேரறிஞர் ஒருவர் தம் குருமார் வரிசையில் ஒரு சமையலாளரை இவ்வளவு நன்றியுடன் நிறுத்திய வேறொரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு எட்டவில்லை.

தியன்தோங் மடத்திலேயே மற்றொருவரையும் கண்டார். அவர் பெயர் யோங், வயது அறுபத்தெட்டு. நண்பகல் வெயிலில் புத்தர் மண்டபத்தின் முன் காளான்களைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். கையில் மூங்கிற்கோல், தலையில் மறைப்பு இல்லை, முதுகு வில்லாக வளைந்திருந்தது, புருவம் கொக்கின் இறகுபோல் வெளுத்திருந்தது. தரைக்கற்கள் கொதித்தன. உதவியாளரைக் கொண்டு செய்விக்கலாகாதா என்று டோகென் கேட்க, பிறர் தாம் ஆகார் என்றார் முதியவர். வெயில் தாழ்ந்தபின் செய்யலாகாதா என்றதற்கு, வேறு எந்தப் பொழுதுக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். டோகென் வாய் மூடி நடந்தார்.

1225-ஆம் ஆண்டில் தியன்தோங் தலைவராகிய ருஜிங் அடிகளை அண்மையில் அடையும் பேறு டோகெனுக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே உடன்வந்த மியோஸென் நோயுற்று அம்மடத்தில் இறந்தார். உடலும் மனமும் கழன்று வீழ்ந்தன என்று அவர்தம் மரபினர் சொல்லும் தெளிவு டோகெனுக்கு ருஜிங்கின் திருமுன்னே உண்டாயிற்று. பயிற்சியும் விழிப்பும் இரண்டல்ல, பயிற்சியே விழிப்பு என்பது அவர் கண்டுகொண்ட விடை. 1227-ஆம் ஆண்டில் மியோஸெனின் எலும்புத் துகள்களை ஏந்தி நாடு திரும்பினார். அதுகாறும் சீனம் சென்று மீண்டோர் சூத்திரங்களும் சிலைகளும் சுமந்து வந்தனர். இவரோ தாம் வெறுங்கையராய் வந்ததாகக் கூறினார்.

திரும்பியதும் கென்னின்ஜி மடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கினார். அங்கு அவர் கண்ட காட்சி அவரை வருத்தியது. சமையற்பொறுப்பு என்னும் பதவி மடத்தில் இருந்தது, பணி இல்லை. பொறுப்பாளர் தம் அறையில் அமர்ந்துகொள்வார். அடுக்களையை எட்டிப் பார்ப்பதும் இழிவு என்று எண்ணினாற்போல் எல்லாவற்றையும் ஒரு வேலையாளிடம் விட்டுவிடுவார். சோறு வெந்ததா, கறி அமைந்ததா என்று அறியார். பிறர் வீட்டு மனைவியைப் பார்ப்பது போல் அடுக்களையைக் கண்டு நாணினார் என்று டோகென் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறார். இக்குற்றம் ஏழு நூற்றாண்டுக்கு முற்பட்ட ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. நம் வைசாகப் பூர்ணிமை விழாக்களில் மேடையில் இருப்போருக்கு மாலை விழுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர்களை நிழற்படத்துக்கு அழைப்பார் இலர். நாமும் இத்தவற்றைச் செய்தவர்களே.

1230-ஆம் ஆண்டில் அடிகள் கியோட்டோவின் தெற்கே புகாகுசாவுக்கு அகன்றார். 1233-இல் அங்குக் கோஷோஜி மடத்தை நிறுவினார். எஜோ என்னும் தலைமாணவர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். 1237-ஆம் ஆண்டு இளவேனிலில் சமையல் அறிவுரை நூல் அம்மடத்தில் எழுதப்பட்டது.

நூலின் செய்திகளைச் சிறிது பார்ப்போம். நண்பகல் உணவு முடிந்தவுடன் மறுநாளைக்குரிய அரிசியும் காய்கறியும் கைக்கு வரவேண்டும். வந்தவற்றைத் தன் கண்மணியைப் போல் காக்கவேண்டும். அரிசியைக் களையும்போது கல்லைப் பார்த்து அரிசியைப் பார்க்கவேண்டும். அரிசியைப் பார்த்துக் கல்லைப் பார்க்கவேண்டும். ஒரு மணியும் தவறக்கூடாது. அரிக்கஞ்சட்டியுடன் போராடிய நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கழுநீரையும் வீணே கொட்டலாகாது. துணிப்பையில் வடித்துச் சிந்திய மணிகளை மீட்கவேண்டும். மேலே வைக்கவேண்டிய கலம் மேலே, கீழே வைக்கவேண்டிய கலம் கீழே. கசப்பு, புளிப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இவற்றோடு மென்சுவை என்னும் ஆறும் இசையவேண்டும். உணவு மென்மையும் தூய்மையும் முறைமையும் உடையதாக இருக்கவேண்டும். நம்மவர் அறுசுவையில் துவர்ப்பு இருக்கும் இடத்தில் அவர்கள் மென்சுவையை வைத்தனர். பிற சுவைகளை ஏந்திநிற்கும் தட்டு அது போலும்.

இவற்றினும் நம்மை ஈர்ப்பது வேறொன்று. எளிய கீரைக் குழம்பு வைக்கும்போது மனம் சோர்தலும், பாலும் நெய்யும் கொண்ட விருந்து சமைக்கும்போது மனம் குதித்தலும் கூடா என்று அடிகள் வற்புறுத்துகிறார். பொருளின் விலையைக் கண்டு மனத்தை மாற்றுபவன், ஆளின் நிலையைக் கண்டு பேச்சை மாற்றுபவனுக்கு ஒப்பாவான் என்பது அவர் கருத்து. சமையலாளருக்கு மூன்று மனங்கள் வேண்டும்: மகிழும் மனம், பெற்றோரின் மனம், மலைபோல் சாயாத பெருமனம். சமைத்து முடித்தபின் அவர் காஷாயம் அணிந்து, துறவியர் மண்டபத்தை நோக்கி ஊதுவத்தி ஏற்றி, ஒன்பது முறை வணங்கி, அதன்பின்னரே உணவை அனுப்பவேண்டும். பரிமாறப் பெறுவோர் சமைத்தவரை வணங்குவது ஒருபுறமிருக்க, சமைத்தவர் உண்போரை வணங்கி அனுப்பும் இம்முறையில் உயர்வு தாழ்வுக்கு இடமேது? அப்பணிக்கு மெய்யறிவு நாட்டமுள்ள மூத்த துறவியரையே பழைய மடங்கள் அமர்த்தின என்பதும் நூலின் முதற்பகுதியிலேயே சொல்லப்படுகிறது.

இவ்வுணவு யாவும் செடிகொடிகளினின்று வந்ததே. இதற்கு ஜப்பானியர் ஷோஜின் ரியோரி என்று பெயரிட்டனர். ரியோரி சமையல், ஷோஜின் என்பது நம் வீரியம், அதாவது பாலியில் விரியம் என்னும் பாரமியின் மொழிபெயர்ப்பு. ஊன் மட்டுமன்றி வெங்காயம், பூண்டு முதலிய ஐந்து காரப் பூண்டுகளும் விலக்கப்படுகின்றன. இங்கே நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நம் நாட்டில் மரக்கறி உணவு பலகாலும் பிறரை இழித்துரைக்கும் கருவியாக இருந்தமையால், அதைக் கேட்டதும் பழைய வாதை நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் வேறுபாட்டை நோக்கவேண்டும். ஷோஜின் உணவுக்கு அடிப்படை கொல்லாமை, தொடாமை அன்று. ஊனுண்பவன் தீண்டினால் அது கெடுவதில்லை. பிக்ஷைப் பாத்திரம் ஏந்திய பகவான் எக்குடியினர் இல்லத்திலும் நின்றார், கிடைத்ததை ஏற்றார். மணிமேகலையின் அமுதசுரபியும் குலம் கேட்டுச் சோறு வழங்கவில்லை. உணவில் கொல்லாமையை மேற்கொள்வதும் மேற்கொள்ளாமையும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அதைக் கொண்டு மனிதனை அளப்பதே நமக்கு உடன்பாடில்லை.

ஜப்பானிலும் உணவின் வரலாறு ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. 675-ஆம் ஆண்டில் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை ஆண்டின் ஒரு பகுதியில் விலக்கி ஆணையிட்டார். 1872-இல் மெய்ஜி அரசு துறவியர் ஊனுண்ணவும் மணம்புரியவும் தடையில்லை என்று விதித்தது. பயிற்சி மடங்களின் அடுக்களைகளில் மட்டும் பழைய முறை நீங்கவில்லை. அங்கிருந்து அது வீடுகளிலும் புகுந்தது.

அவ்வீட்டுச் சமையலிலிருந்து ஒன்றிரண்டு சொல்வோம். அடிப்படை ஒரு தெளிந்த சாறு. கொம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷியிடாகே காளானையும் இரவெல்லாம் குளிர்நீரில் ஊறவைத்தால் காலையில் சாறு ஆயத்தம். வெயிலில் முதுகு வளைத்து யோங் அடிகள் காளான் உலர்த்தியதன் பயன் இப்போது விளங்கும்; உலர்ந்த காளானுக்குள்ள சுவை பச்சைக் காளானுக்கு வாராது. முள்ளங்கி, மஞ்சள் முள்ளங்கி, கிழங்கு வகைகளை நல்லெண்ணெயில் வதக்கி, அச்சாற்றை ஊற்றி வேகவைத்து, டோபு எனப்படும் சோயாப்பால் கட்டியைக் கையால் உதிர்த்துப் போட்டால் கென்சின் சாறு ஆகும். காமகுராவிலுள்ள கென்சோஜி மடத்தில் தோன்றியமையால் இப்பெயர் என்பர். எள்ளை அரைத்துப் பாலெடுத்து, குஸு என்னும் கொடிக்கிழங்கு மாவு கூட்டி, அடுப்பில் கை ஓயாது கிளறி, ஆறவிட்டுத் துண்டமாக்குவது எள் டோபு. குஸு கிடைக்காத நம்மூரில் கூவைக்கிழங்கு மாவால் செய்து பார்க்கலாம். முற்றிலும் அவ்வண்ணம் வாராவிடினும் உண்ணத் தகும்.

ஜப்பானுக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. அந்நாட்டு உணவகங்களில் காய்கறி மட்டும் மிதக்கும் சாற்றிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலின் சாறு கலந்திருக்கும். காயைக் கண்டு மயங்கலாகாது. ஷோஜின் ரியோரி என்னும் பெயரைச் சொல்லிக் கேட்பதே வழி. கியோட்டோவின் மடங்களைச் சூழ்ந்த பகுதிகளில் அது கிடைக்கும். கென்னின்ஜி மடம் இன்றும் கியோன் பகுதியில் இருக்கிறது. கோஷோஜி மடம் மட்டும் பழைய இடத்தில் இல்லை. 1649-இல் ஊஜியில் மீண்டும் நிறுவப்பட்டது.

1243-ஆம் ஆண்டில் அடிகள் தலைநகர்ப் புறத்தைத் துறந்து வடக்கே எசிஸென் மலைநாட்டுக்குச் சென்றார். ஹதானோ யோஷிஷிகே என்னும் இல்லற அன்பர் நிலம் தந்தார். ஹியேய் மலையினரின் பகைமை, பிற மடங்களின் போட்டி, ருஜிங் தந்த அறிவுரை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பனி கூரை அளவு மூடும் அப்பள்ளத்தாக்கில் 1244-இல் மடம் எழுந்தது. 1246-இல் எய்ஹெய்ஜி என்று பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே அடிகள் அடுக்களைக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். அரிசியையும் கஞ்சியையும் பற்றிப் பேசும்போது மரியாதைச் சொல் சேர்த்தே பேசவேண்டும் என்பது அதிற் காணும் கட்டளைகளுள் ஒன்று. மனிதரையே ஒருமையில் விளிக்கும் ஊர்களில் வாழ்ந்த நமக்கு, கஞ்சியைப் பன்மையில் விளிக்கச் சொன்ன பெரியவர் வியப்பூட்டுகிறார்.

உண்ணும் முறைக்கும் தனிநூல் எழுதினார். பக்கத்தவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்து மனம் புழுங்கலாகாது, ஓசையெழ உறிஞ்சலாகாது என்பன அதில் உள்ளன. இவை அவர் புதிதாய்ப் புனைந்தவை அல்ல. பகவானின் விநய விதிகளே. பாலி விநயத்தில் உறிஞ்சும் ஓசைக்கு சுருசுரு என்ற ஒலிக்குறிப்பே வழங்குகிறது. தமிழர் காதுக்கு அதன் பொருள் சொல்லவேண்டா. அடிகள் ஆற்றில் ஒரு முகவை நீர் மொண்டு பாதியைப் பயன்படுத்தி, மிகுந்த பாதியை ஆற்றுக்கே திருப்பி ஊற்றுவார் என்று எய்ஹெய்ஜி மரபு சொல்லும். பெருகி ஓடும் ஆற்றுக்கு அரை முகவை எதற்கு என்று கேட்பவர், கழுநீரை வடிகட்டச் சொன்னதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

1247-இல் காமகுராவுக்குச் சென்று, ஆட்சித்தலைவர் ஹோஜோ தோகியோரிக்குத் தம்மம் உரைத்து, மறு ஆண்டு இளவேனிலில் மலைக்குத் திரும்பினார். அப்பயணத்தின் பின்விளைவாக ஒரு கதை வழங்குகிறது. தோகியோரி அளித்த நிலக்கொடைப் பத்திரத்தை ஏந்தி மகிழ்ந்தோடி வந்த கெம்மியோ என்னும் சீடரை அடிகள் மடத்தினின்று விலக்கினார். அவர் அமர்ந்த பலகையைப் பெயர்த்து, அதன் கீழ் மண்ணையும் தோண்டி எறியச் செய்தார் என்பது கதை. பிற்கால வரலாற்று நூலில் வருவதாதலின் எவ்வளவு நம்பலாம் என்பது ஐயமே. கீரைக்குழம்பிடம் காட்டிய அன்பில் சிறிது அச்சீடரிடமும் காட்டியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. பெரியோரிடத்தும் குறையென்று பட்டதைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கமன்று.

1252-இல் உடல் நலிந்தது. 1253-இன் தொடக்கத்தில் அவாக் குறைவு, போதுமென்ற மனம் முதலான எட்டுத் தன்மைகளைப் பற்றித் தம் இறுதி உரையை எழுதினார். பகவானின் இறுதிப் போதனையைத் தழுவியது அது. எஜோவிடம் மடத்தை ஒப்புவித்து, மருத்துவத்துக்காகக் கியோட்டோ சென்றார். அங்கு இல்லறச் சீடர் ஒருவர் வீட்டில், அவ்வாண்டு எட்டாம் திங்கள் இருபத்தெட்டாம் நாள், 54-ஆம் அகவையில் மறைந்தார்.

எய்ஹெய்ஜி இன்றும் பயிற்சி மடமாக இயங்குகிறது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அதிவேக இரயில் தோக்கியோவிலிருந்து புகுயி நகர் வழியாக த்ஸுருகா வரை ஓடுகிறது. புகுயியில் இறங்கிப் பேருந்தில் மடத்தை அடையலாம். வடகடலின் கொம்புப் பாசி பழைய நாளில் கப்பல்களில் வந்திறங்கிய துறைமுகம் த்ஸுருகா. மடத்து வாயிற்கடைகளில் எள் டோபு விற்கிறார்கள். பெரிய அடுக்களையின் முகப்பில் இதாதென் என்னும் காவல் தெய்வத்தைக் காணலாம். அவர் நம் நாட்டு ஸ்கந்தனே என்று அறிஞர் கூறுவர். முருகன் அங்கே சமையற்கட்டுக்குக் காவல் நிற்கிறார்! அருகே ஆளுயரத்தினும் பெரிய மரக்குழவி ஒன்று தொங்குகிறது.

அடிகள் மறைந்தபின் எஜோ அவர் நினைவு மண்டபத்தின் பக்கத்திலேயே தங்கி, 1280-இல் தாம் இறக்கும்வரை ஆசான் உயிரோடிருப்பதாகவே கொண்டு பணிவிடை செய்தார். அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. விடியுமுன் அடுக்களையில் அரிசிக் கஞ்சி கொதிக்கிறது. எள்ளுப்பொடியும் ஊறுகாயும் துணை. துறவியர் தம் பாத்திரங்களை விரிக்கும் அதே காலையில், டோகென் அடிகளின் திருவுருவத்துக்கும் கஞ்சி எடுத்துச் செல்லப்படுகிறது.